எலுமிச்சம்பழம் கட்டிய இடம்

இதை எழுத எட்டு வருஷமாகத் தயங்கினேன். ஒரு தடவை கொப்பியை எடுத்து பிள்ளையார் சுழி போட்டதோடு மூடிவிட்டேன். இன்னொரு தடவை மூன்று பக்கம் எழுதினேன். வாசித்துப் பார்த்தால் நடுவில் ஒரு பொய் இருந்தது. கிழித்து அடுப்பில் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு ரப்பர் பால் வெட்டப் போனவன். ஆனால் எழுத்துப் பிழைக்குப் பயந்து நான் தயங்கவில்லை. என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், செய்யாத ஒரு தவறைத் தலையில் சுமந்துகொண்டு இத்தனை வருஷமும் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். அந்தச் சுமையை இறக்கி வைக்க வேண்டியவன் நான். அதற்குத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் தோட்டம் ரம்புக்கனைக்கு மேலே இருக்கிறது. ஒரு பெருமழையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டு லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. பார்க்க வந்த அதிகாரிகள் வெடிப்புக்குள் குச்சியை விட்டு அளந்து, இனி இந்த லயத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லோரையும் பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டார்கள். மச்சான் அப்போது டவுனில் ஒரு முதலாளியின் டிரெக்டர் ஓட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி மண்டபத்தில் ஊர்ச்சனத்தோடு பாய் விரித்துப் படுப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ரோடு போட வந்தவர்கள் வேலை முடிந்து போகும்போது ஒரு காவல்கூட்டை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். தகரச் சுவர், இரண்டு கட்டில், ஒரு ஜன்னல், அடியில் இரண்டு சக்கரம். அதைக் கேட்டு வாங்கி, ஓட்டை அடைத்து, டிரெக்டரில் மாட்டி இழுத்து வந்து நிறுத்தினார்.

"கொஞ்ச நாளைக்கு இதுல இருங்க மச்சான். மண்ணு வெடிச்சா வீட்ட இழுத்துக்கிட்டு ஓடிரலாம்" என்றார்.

கொஞ்ச நாள் என்றது மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. தோட்டத்தார் அதற்கு ஓடுற லயம் என்று பெயர் வைத்தார்கள். வெளியே தார்ப்பாய் கட்டி அடுப்பு. உள்ளே ஜன்னலுக்குப் பக்கத்தில் சாமித் தட்டு, அதில் மாரியம்மன் படமும் முருகன் படமும். கூட்டை எங்கே நிறுத்தினாலும் முதலில் விளக்கில் எண்ணெய் ஊற்றுவேன். எண்ணெய் ஒரு பக்கம் சாய்ந்தால் வீடு சரிவாக நிற்கிறது என்று அர்த்தம். சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து, எண்ணெய் சமமாகும் வரைக்கும் முட்டுக் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் திரி போடுவது.

நிறுத்திய இடத்தில் எல்லாம் யாராவது வந்து எடுக்கச் சொன்னார்கள். கிரவுண்ட் ஓரத்தில் இருந்தபோது பிள்ளைகள் பந்து விளையாட இடமில்லை என்றார்கள். ஸ்டோருக்குப் பின்னால் இருந்தபோது லொறி திருப்ப முடியவில்லை என்றார்கள். கடைசியில் அடுத்த டிவிசனில் கோயில் கமிட்டியார் கோயிலுக்குப் பின்னால் இடம் தந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில் புறப்படுவதாக முடிவு செய்தோம்.

முதல் நாள் பொழுது சாயும்போதே மச்சான் வந்து கூட்டை டிரெக்டரில் மாட்டிவிட்டார். டிரெக்டரின் கொக்கியையும் கூட்டின் மூக்கில் இருக்கும் வளையத்தையும் ஒன்றாகச் சேர்த்து, மேலிருந்து ஒரு கனத்த பின் இறங்கும். பின்னின் அடிநுனியில் ஓர் ஓட்டை. அதில் வளைந்த கம்பிக் கிளிப் ஒன்றைச் செருகினால்தான், வண்டி குலுங்கும்போது பின் மேலே எழும்பி வராது. என் மகளுக்கு அப்போது பதினாலு வயது. அவள் போன் லைட்டைப் பிடிக்க, மச்சான் குனிந்து கிளிப்பைப் போட்டார். இரண்டு தரம் தட்டியும் பார்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு, தேங்காய், கற்பூரம், மஞ்சள் கயிற்றில் கோர்த்த எலுமிச்சம்பழம், வேப்பிலை எல்லாவற்றோடும் வந்தேன். லொறி, பஸ் என்றால் எலுமிச்சம்பழத்தை முன்பக்கம் கீழே தொங்க விடலாம். இதற்கு எங்கே கட்டுவது?

"வீட்டுக்கு மூஞ்சி எங்கங்க இருக்கு? கதவுலயே கட்டிட்டு வாங்க" என்றாள் மனைவி உள்ளேயிருந்து.

"கதவு பக்கவாட்டுல இருக்கு. போற பக்கந்தான் மூஞ்சி."

"அப்போ எங்கண்ணன் முதுகுலதான் கட்டணும்."

சிரித்துக்கொண்டே கூட்டின் மூக்குக்கு அடியில் குனிந்தேன். பின்னின் ஓட்டை கயிறு கோர்ப்பதற்கென்றே செய்தது போல இருந்தது. கிளிப்பைக் கழற்றினேன். மஞ்சள் கயிற்றை ஓட்டையில் விட்டு மூன்று முடிச்சுப் போட்டேன். பழம் அழகாகத் தொங்கியது. கையில் திருநீற்று டப்பா இருந்தது. கிளிப்பை அதற்குள் போட்டேன், கற்பூரம் காட்டியதும் திரும்பப் போடலாம் என்று.

கற்பூரம் காட்டினேன். தேங்காய் உடைத்தேன். அதற்குள் தூறல் போட்டது. டிரெக்டரின் முன்பக்கம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மச்சான் கத்தினார்: "மச்சான், நல்ல நேரம் முடியப் போவுது, ஏறுங்க!" டப்பாவை மூடி சாமித் தட்டில் வைத்துவிட்டு ஓடிவந்து ஏறினேன். அவ்வளவுதான். வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. மறந்துபோனேன்.

மனைவி கூட்டுக்குள்ளேயே இருந்தாள். மச்சான் இறங்கி வந்து சொன்னார்: "தங்கச்சி, உள்ள இருக்கக் கூடாது. டிரெக்டர்ல வந்து ஒக்காரு."

"சாமி படத்தையும் சோத்துச் சட்டியையும் யாருண்ணே புடிக்கிறது?"

அவர் என்னைப் பார்த்தார். "அவ இருக்கட்டும், மெதுவா போங்க" என்று சொன்னதும் நான்தான்.

நானும் மகளும் டிரெக்டரின் பெரிய சக்கரங்களுக்கு மேலே ஆளுக்கொரு மட்காட்டில் உட்கார்ந்தோம். பாதி வழி ஒரு குறையும் இல்லாமல் போனோம். ரப்பர் மலையில் ஏற்றமான ஒரு வளைவில் குழி குழியாக இருந்தது. பின்னால் இரும்பு விழுந்த சத்தம் கேட்டது. டிரெக்டர் பாரம் இறங்கின மாடு போல ஒரு துள்ளுத் துள்ளியது. திரும்பிப் பார்த்தால், எங்கள் வீடு எங்களை விட்டுவிட்டுப் பின்னால் போகிறது.

மூக்கு தாரில் விழுந்து உரசிக்கொண்டே போனது. அதனால்தான் வேகம் எடுக்கவில்லை. ஒரு பக்கம் பள்ளம், அதற்கு அடியில் ஆறு. மறுபக்கம் மலை. கூடு மெதுவாகத் திரும்பி மலைப் பக்கமே போனது. ஒரு சக்கரம் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்க, முதுகு ஒரு ரப்பர் மரத்தில் மோதி நின்றது. அம்மன் தாங்கினாள். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மனைவி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். மேலெல்லாம் சோறு. வலது மணிக்கட்டு ஒரு மாதிரி வளைந்து இருந்தது. அவள் அழவில்லை. "படத்துக் கண்ணாடி ஒடஞ்சிருக்கு, மிதிச்சிராதீங்க" என்றாள்.

மேலேயிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. "மொகத வுணே?", என்ன நடந்தது, என்று கேட்டுக்கொண்டே டிரைவர் இறங்கினார். மச்சான் சிங்களத்தில் பதில் சொல்லிக்கொண்டே பச்சைக் கிளைகளை முறித்து வளைவின் இரண்டு பக்கமும் ரோட்டில் போட்டார், வருகிற வண்டிக்குத் தெரியட்டும் என்று. பிறகு ரோட்டில் பின்னைத் தேடிப் போனார். நான் கல் பொறுக்கிச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தேன். யாரோ ஒரு திரீவீலைக் கூட்டிவந்தார்கள், மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக. அவள் நெற்றியில் பூசிவிடலாம் என்று சாமித் தட்டுக்குக் கீழே கிடந்த திருநீற்று டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

உள்ளே கிளிப் இருந்தது, திருநீறு பூசிக்கொண்டு வெள்ளையாக.

அந்த நேரம் மச்சான் பின்னோடு வந்தார். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிளிப் இல்ல. நான் போடலியோ?" என்றார்.

"போட்டீங்க மாமா. நாந்தான லைட் புடிச்சேன்?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. அம்மா கையப் பாரு." அது என் குரல்.

மனைவிக்கு அப்போதுதான் வலி ஏறியது. "ஏண்ணே, ஒரு கம்பித் துண்ட மாட்ட முடியலியா ஒங்களுக்கு? மனுசி உள்ள இருக்கேன்ல?" என்று சத்தம் போட்டாள். நான் டப்பாவில் விரலை விட்டு, கிளிப்பை ஓரமாகத் தள்ளி, திருநீற்றை எடுத்து மனைவிக்குப் பூசினேன். மச்சானும் வந்து தலையைக் குனிந்தார். அவருக்கும் பூசினேன். அதே டப்பாவில் இருந்து, அதே விரலால்.

மனைவியும் மகளும் போன பிறகு, கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். அறுந்த கயிற்றோடு ரோட்டில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தேன். காலால் கானுக்குள் தள்ளிவிட்டேன். பூசை செய்த பழம்.

பஸ்ஸில் வந்த ஆண்கள் எல்லோரும் இறங்கி, "எக்காய், தெக்காய்" என்று சிங்களத்தில் ஒன்று, இரண்டு எண்ணி மூக்கைத் தூக்கினார்கள். அடியில் ஜெக் வைத்து, கல் அடுக்கினோம். வளையம் நசுங்கி மூடியிருந்தது. மச்சான் போன் போட்டதும், மாவனல்லையில் கராஜ் வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, கேஸ் சிலிண்டரைச் சின்ன லொறியில் போட்டுக்கொண்டு வந்தார். அவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "ஊட்டுக்கு மூக்கு ஒடஞ்சிருக்கே. மூக்குத்தி குத்தவா கொண்டு போனீங்க?" என்றார். வளையத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுத்தியலால் அடித்து வட்டமாக்கினார். கானுக்குள் இறங்கின டயர் வெடித்திருந்தது. அதையும் மாற்றினோம். எல்லாம் முடிந்ததும் அவர் கேட்டார்: "கிளிப் எங்க?"

"மறந்துட்டேன் நானா" என்றார் மச்சான்.

"டிரைவர் மறக்கலாமா?"

"மறந்துட்டேன்."

நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நின்றேன். சட்டைப் பையில் கிளிப் இருந்தது. எடுத்து நீட்ட ஒரு நிமிஷம் போதும். நானா ஒரு தடித்த கம்பியை வளைத்து ஓட்டையில் மாட்டினார். அதற்குள் நேரம் மூன்று மணி இருக்கும். கோயிலுக்குப் பின்னால் போய் நிறுத்தினோம். விளக்கில் எண்ணெய் ஊற்றி, வீட்டைச் சமப்படுத்தினேன். எண்ணெய் சமமாக நின்றது.

அடுத்த வருஷம் எங்களுக்குத் தனி வீடு கிடைத்தது. ஓடுற லயம் இப்போது கோழிக்கூடு. மனைவியின் கை கோணலாகத்தான் கூடியது. துணி பிழிய முடியாது, தேங்காய் திருவினால் வலிக்கும். வலிக்கும்போதெல்லாம் "எங்கண்ணன் குடுத்த சீரு" என்பாள். தைப்பொங்கலுக்கு மச்சான் சேலை கொண்டு வருவார். வாங்கிக்கொள்வாள், தேத்தண்ணி கொடுப்பாள். ஆனால் சாப்பிட்டீங்களா என்று கேட்க மாட்டாள். அவர் டிரெயிலர் இழுக்கும் வேலையையே விட்டுவிட்டுச் சின்ன லொறிக்குப் போனார். அப்படியும் ஆட்கள் விடவில்லை. கல்யாண வீடோ கருமாதி வீடோ, அவர் லொறியில் ஏறினால் போதும், "பின்னு போட்டாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். அவரும் சிரிப்பார்.

கிளிப்பை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். தினமும் விளக்கேற்றும்போது அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரியும்.

போன தை மாதம் என் மகளுக்குப் பரிசம் போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் எங்கள் ஆள் ஒருவர், "பொண்ண தாய்மாமன் வண்டியில ஏத்தாதீங்கப்பா, பாதி வழியில கழண்டு போயிரும்!" என்றார். சபையே சிரித்தது. மச்சானும் சிரித்தார். சிரித்து முடித்து, வெற்றிலைத் தட்டை நீட்டிய தங்கச்சியின் மணிக்கட்டைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளிப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். லொறி கழுவிக்கொண்டிருந்தார். கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கிளிப்பை விரலில் சுழற்றிப் பார்த்தார்.

"கயிறு சாமிக்கு மச்சான். கிளிப்பு பின்னுக்கு. ரெண்டையும் போட்டிருக்கலாமே?"

"மறந்துட்டேன்."

"அது சரி, மறக்கிறதுதான். அப்புறம்?" என்றார். அவர் திரும்பி, ஏற்கெனவே கழுவின சக்கரத்தையே மறுபடியும் கழுவினார். பிறகு முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "எட்டு வருசமா யோசிச்சு யோசிச்சுப் பார்ப்பேன். கிளிப்ப மாட்டுன மாதிரியும் இருக்கும், மாட்டாத மாதிரியும் இருக்கும். எம் புத்தி மேலயே எனக்கு நம்பிக்க போயிருச்சு மச்சான்."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். "எந்திரிங்க, ஈரத்துல வழுக்கி விழப் போறீங்க" என்றார். போகும்போது, "தங்கச்சிகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். என்னை ஏசவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. ஆனால் அன்றைக்கே, நான் பார்த்துக்கொண்டிருக்க, போனை எடுத்தாள்.

"அண்ணே, சாப்பிட்டீங்களா?"

அந்தப் பக்கம் அவர் என்ன கேட்டாரோ, தெரியாது. "ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். அவளை மணவறைக்குக் கூட்டி வரப் போவது தாய்மாமன்தான். அன்றைக்கும் யாராவது இந்தக் கதையை எடுப்பார்கள். பிரேக் இல்லாமல் போனது என்கிறவர்கள் இருக்கிறார்கள். மச்சான் குடித்திருந்தார் என்றுகூட ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர் வாயில் சாராயம் பட்டதே இல்லை. வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். அம்மன் தாங்கினாள் என்று சொல்லுங்கள், அது உண்மை. ஆனால் என்னை நல்லவனாக்க ஒரு சொல்லைக் கூட்டவும் வேண்டாம், என் மேல் இரக்கப்பட்டு ஒரு சொல்லைக் குறைக்கவும் வேண்டாம். நான் எழுதினபடியே சொல்லுங்கள்: மச்சான் கிளிப்பைப் போட்டார். நான் கழற்றினேன்.