கத்ரைனும் பூட்டிய கோட்டை வாசலும்

எங்கள் நடைச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கத்ரைனைப் பற்றி "நல்லதா நாலு வார்த்தை" எழுதித் தரச் சொன்னார்கள். கேட்டவர்கள் யார்? போன வருஷம் அவளை நடுத்தெருவில் விட்டுவிட்டு, அந்தப் பல் டாக்டர் ஊற்றிக் கொடுத்த ஒயினைக் குடித்துவிட்டு வந்த அதே புண்ணியவான்கள். எழுதுகிறேன். நல்லதாக வருமா என்று எனக்கே சந்தேகம்தான்.

கத்ரைன் என் பக்கத்து வீட்டுக்காரி. லான் ஆற்றங்கரையில் எங்கள் ஸ்டேஷனில் காப்பிக் கடை வைத்திருக்கிறாள். ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் எல்லோரும் கோட்டைக்கு ஏறுகிறவர்கள்தான். அவர்கள் காலைப் பார்க்காமல் அவள் காப்பி ஊற்றமாட்டாள். "செருப்போட எங்க போறீங்க, கடற்கரைக்கா? மேல வழுக்குப் பாறை இருக்கு, கீழ ஆஸ்பத்திரி இருக்கு, எது வேணும்?" என்பாள். திட்டிய கையோடு பிளாஸ்திரியும் கொடுப்பாள். புருஷன் ஹோல்கர் போய்ச் சேர்ந்த பிறகு வாய் இன்னும் நீண்டது. ஊரில் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. நான் உட்பட.

அவளுக்கு என்று மிச்சம் இருந்தது அக்கா இர்மெலா ஒருத்திதான். இர்மெலா கோட்டைக்கு மேலே மலை முதுகில் ஆடு வளர்க்கிறாள். ரபன்லாய் கோட்டை பாறையின் கழுத்தில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் அதல பாதாளம். கீழ் வாசலில் நுழைந்து, முற்றத்தைத் தாண்டி, மேல் வாசலில் வெளியேறினால்தான் மலைக்குப் போகலாம். அப்படிப் போனால் அக்கா வீடு கால் மணி நேரம். ரோட்டைச் சுற்றினால் அடுத்த பள்ளத்தாக்கு வழியாகக் காரில் முக்கால் மணி. பஸ் கிடையாது. இருவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. கத்ரைன் தினமும் காலையில் பால் தூக்கில் உருளைக்கிழங்கு சூப்பும், மேலே ஒரு துண்டு பிளம் கேக்கும் எடுத்துக்கொண்டு ஏறுவாள். அக்காவோடு ஒரு சண்டை போட்டுவிட்டு இறங்குவாள். அவள் நாள் அதில்தான் விடியும்.

பழைய பிரபு வம்சத்து வாரிசுகள் கோட்டையை விற்றார்கள். வாங்கியவர் டாக்டர் பிராண்டிஸ், பெரிய ஊரில் பல் பிடுங்கிப் பணம் சேர்த்த மனிதர். வந்த முதல் வேலையாக இரண்டு வாசலிலும் இரும்புக் கம்பிக் கதவு போட்டார். முற்றத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டார்.

எங்கள் சங்கத்தையும் ஒரு நாள் விருந்துக்குக் கூப்பிட்டார். "நடக்கிறவங்க மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா பொண்ணும் மாப்பிள்ளையும் மோதிரம் மாத்தும்போது நடுவுல முதுகு மூட்டையோட நாலு பேர் போனா நல்லாவா இருக்கும்?" என்றார். எங்கள் ஆட்கள் தலையாட்டினார்கள். ஊர்த் தலைவர் ரூடிகர் எல்லோருக்கும் முன்னால் ஆட்டினார். வழிகாட்ட வரைந்திருந்த நடைபாதைக் குறிகளை அழித்து, மரம் ஏற்றும் லாரிகள் ஓடும் ரோட்டில் வரைவதென்று முடிவானது. எதிர்த்துக் கை தூக்கியது நான் மட்டும்தான். கத்ரைன் தூக்கியது நாற்காலியை. இரண்டு பேர் பிடித்து இறக்கினோம்.

வெட்கங்கெட்டவர்கள்! எத்தனை தலைமுறையாக நடந்த வழி அது. அந்தப் பிரபுக்கள்கூட அடைக்கவில்லை. ஒரு பல் டாக்டர் வந்து இரண்டு புட்டி ஒயினில் அடைத்துவிட்டார், இவர்களும் அடைக்க விட்டார்கள்.

பிறகு டாக்டரே ஒரு நாள் பூங்கொத்தும் சாவியுமாகக் கத்ரைன் வீட்டுக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

"அம்மா, உங்க நிலைமை எனக்குப் புரியுது. இது உங்களுக்கு மட்டும். ஒரு அன்புக்காகக் குடுக்கிறேன். கல்யாணம் இல்லாத நாள்ல நீங்க தாராளமா போய் வரலாம்."

கத்ரைன் சாவியைத் தொடவில்லை. "தம்பி, எங்கம்மா அந்த வழியா நடந்தா. அவங்கம்மாவும் நடந்தா. யாரும் சாவி குடுக்கல, ஏன்னா பூட்டே இல்ல. என் வழிய எனக்கே பிச்சை போட வந்தியா?"

"பிச்சை இல்லம்மா, சலுகை."

"இன்னிக்குச் சலுகைன்னு குடுக்கிறவன் நாளைக்குச் சாவியக் குடுன்னு கேப்பான். அப்ப நான் என்னன்னு சொல்றது? ஊர் மொத்தமும் நடந்த வழின்னா? நீதான் சாவி வாங்கினியேன்னு கேப்ப இல்ல? எடுத்துட்டுப் போ. பூவையும் எடுத்துட்டுப் போ."

அவர் போனதும் நான் சும்மா இருந்திருக்கலாம். "வாங்கித் தொலையேன், கத்ரைன். அக்காவப் பாக்கணுமா இல்லையா?" என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் அவளை மேலே கூட்டிப்போவேன். போகிற வழியெல்லாம் ரூடிகரைத் திட்டுவாள், திரும்பும்போது என்னைத் திட்டுவாள். மற்ற ஆறு நாளும் அக்கா அங்கே தனியாகத்தான். "கீழே வந்து என்னோட இரு" என்றால் இர்மெலா, "ஆட்ட யாரு பாப்பா, உன் பல் டாக்டரா?" என்பாள். அந்தக் குளிர்காலத்தில் இர்மெலா ஆட்டுக் கொட்டிலில் வழுக்கி விழுந்தாள். முழங்கால் பிசகி, தபால்காரர் வந்து பார்க்கும்வரை வைக்கோலில் கிடந்திருக்கிறாள். தினமும் காலையில் தங்கை ஏறிப் போன காலத்தில் இது நடந்திருந்தால் அத்தனை நேரம் கிடந்திருக்க மாட்டாள். இதைக் கேட்ட அன்றைக்குக் கத்ரைன் அழுததை நான் பார்த்தேன். அழுதுகொண்டே அடுப்பில் சூப் வைத்தாள்.

மறுநாளிலிருந்து தூக்கோடு கோட்டையின் கீழ் வாசலில் போய் நின்றாள். கால் கொஞ்சம் தேறியதும் இர்மெலாவும் கம்பை ஊன்றி இறங்கி மேல் வாசலுக்கு வந்தாள். நடுவில் டாக்டரின் புல்தரை. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துவார்கள்.

"உசிரோட இருக்கியா?"

"இருக்கேண்டி! சாகுறப்ப சொல்லி அனுப்புறேன்!"

"ஏன் கத்ரைன், போன்ல பேசக்கூடாதா?" என்று ரூடிகர் ஒருமுறை கேட்டார்.

"போன்ல சூப்ப ஊத்தித் தருவியா நீ?" என்றாள்.

சூப் ஆறிப்போய் வீட்டுக்குத் திரும்பும். மத்தியானம் அதை அவளே குடிப்பாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை பெரிய இடத்துக் கல்யாணம். முந்தின நாள் ரூடிகர் என் வீட்டுக்கு வந்தார். "மார்லீஸ் அக்கா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் கத்ரைன எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்களேன். டாக்டர் ரொம்ப வருத்தப்படுறார்."

"அவர் வருத்தப்படுறாரா? அடப்பாவி, கொட்டில்ல கிடந்தவளுக்கு நீ வருத்தப்பட்டியா? மானம் இருந்தா எழுந்து போ" என்றேன். காப்பிகூடக் கொடுக்கவில்லை.

மறுநாள் நானும் கத்ரைனோடு கீழ் வாசலில் நின்றேன். முற்றம் முழுக்க வெள்ளை நாற்காலிகள். வயலின் ஓய்ந்தது. மணப்பெண் மோதிரத்தை எடுத்தாள். மேல் வாசலில் இர்மெலாவின் தலை தெரிந்தது. கத்ரைன் மூச்சை இழுத்தாள்.

"இர்மெலா! வெளிக்குப் போச்சா?"

"மூணு நாளா இல்லடி!"

"மருந்து குடிச்சியா?"

"ஆட்டுக்குக் குடுத்துட்டேன்! அதுக்குப் போச்சு!"

இருநூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒரு கிழவர் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் முகம் சிவந்து ஓடிவந்து எங்கள் கதவைத் திறந்தார்.

"போதும்மா, போதும். வாங்க, போங்க. இன்னிக்கு மட்டும். நான் அனுமதிக்கிறேன்."

கதவு திறந்தே கிடந்தது. அந்தப் பக்கம் அக்கா. கையில் தூக்கு. கத்ரைன் நகரவில்லை.

"இன்னிக்கு மட்டும்னா வேணாம்" என்றாள்.

"போடி! அவ நிக்கிறா பாரு!" என்று நான் அவள் முதுகைத் தள்ளினேன். கல் மாதிரி நின்றாள். தூக்கின் மூடி மட்டும் கடகடவென்று ஆடியது. அவளை ஓங்கி அறையலாம் போல இருந்தது. அந்த டாக்டரையும், ரூடிகரையும், எங்கள் சங்கத்தையும் வரிசையாக நிற்கவைத்து அறையலாம் போல இருந்தது.

மேலே இருந்து இர்மெலா அலறினாள். "ஏண்டி பாவி! உன் ரோஷத்த நீயே கரைச்சுக் குடி! எனக்கு உன்னைத்தாண்டி வேணும்!"

அப்போது மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். மேல் வாசலின் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அவள் அதை இழுத்தாள். இர்மெலா அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, கொட்டில் செருப்போடு நேராக நாற்காலிகளுக்கு நடுவில் இறங்கினாள். கம்பை ஊன்றுகிறாள், நிற்கிறாள், மறுபடி ஊன்றுகிறாள். ஆட்டு வாடை எங்கள் வரைக்கும் வந்தது. டாக்டர் எதிரே போய் நின்றார்.

"அம்மா, உங்களுக்கும் அனுமதி..."

"உங்கிட்ட யாருய்யா கேட்டா?" என்றாள் இர்மெலா. நிற்காமல் அவரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். சிரித்த கிழவர் எழுந்து, தன் நாற்காலியை அவள் வழியிலிருந்து இழுத்துப் போட்டார்.

வாசலுக்கு வந்து தங்கையைப் பார்த்தாள். வாரத்தில் ஆறு நாள் கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்தவள்.

"இளைச்சுப் போயிட்ட."

"நீதான் இளைச்சுப் போயிட்ட. நான் எங்க..."

"வா, வீட்டுக்குப் போகலாம்."

"அவன் குடுத்த அனுமதில நான் வர மாட்டேன்."

"அவன் கூப்பிட்டா வராத. நான் உன் அக்கா, நான் கூப்பிடுறேன், வா" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள் இர்மெலா.

கத்ரைன் வாசலைத் தாண்டிக் காலை வைத்தாள். இருவரும் முற்றத்தின் நடுவில் மெதுவாக ஏறிப் போனார்கள். போகும்போதே அந்த மருந்தை ஏன் ஆட்டுக்குக் கொடுத்தாய் என்று சண்டை தொடங்கிவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். நானும் அவரிடம் எதுவும் கேட்காமல் அவர்கள் பின்னால் நடந்தேன்.