காக்காவின் காரும் என் கோணல் தையலும்

எங்கள் மூத்த அண்ணனை, நாங்கள் காக்கா என்று அழைத்தவரை, அல்லாஹ் தன்னிடம் அழைத்துக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி அவர் மனைவி, என் மதினி, என்னிடம் கேட்டபோது ஒரு நிபந்தனையும் போட்டார். "எல்லாரும் அழுகிற மாதிரி எழுதிராத. அவர் இரிந்தா அதை வாசிச்சிட்டு ரெண்டு பிழை கண்டுபிடிச்சிரிப்பார்." ஆகவே, வாசிக்கும் உறவினர்களும் நண்பர்களும் சிரிப்பு வரும் இடத்தில் தயங்காமல் சிரிக்கலாம்.

காக்கா சாய்ந்தமருதில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைசி. வாப்பா உழவு மெசின் ஓட்டியவர். அவர் மௌத்தாகி எங்களை விட்டுப் போனபோது காக்காவுக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடப் புத்தகங்களை அடுத்த தம்பியிடம் கொடுத்துவிட்டு வாகனம் திருத்தும் ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் நால்வரையும் படிக்கவைத்துக் கரைசேர்த்த பிறகுதான் தனக்கென்று கடற்கரையோரம் ஒரு கராஜ் போட்டார்.

சுனாமியாகக் கடல் வந்த அன்று அந்தக் கராஜ் அத்திவாரத்தோடு போயிற்று. உயிர்கள் தப்பியதே பெரிது என்று நாங்கள் இருக்க, காக்கா சில நாட்கள் கழித்து ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கினார். பின்னேரம் துருவேறிய ஸ்பனர் சாவிகளோடு வந்து, "பதினாலு கிடைச்சிட்டு புள்ள. பன்னிரண்டாம் நம்பர் மட்டும் காணல்ல, அது எப்பவும் ஒளியிற சாமான்தான்" என்றார். எங்கள் வீட்டில் அந்த வாரம் முதலில் கேட்ட சிரிப்பு அதுதான். பிறகு கடலை விட்டுத் தள்ளி, பிரதான வீதிக்கு இந்தப் பக்கம் இரண்டாவது கராஜ் எழும்பியது.

அவரை அறிந்தவர்கள் எல்லாரும் அந்தக் காரையும் அறிவார்கள். அது வந்த விதத்தைச் சொல்கிறேன். மாவடிப்பள்ளி வயலில், காரைதீவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தண்ணீர் மோட்டரைத் திருத்தக் காக்கா போயிருந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். அங்கே வயல் கொட்டிலில், நெல் மூட்டைகளுக்குப் பின்னால் தறப்பாளால் மூடியபடி, இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நின்றது. இரண்டே இருக்கைகள். அதில் ஒன்றில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்த்த மாஸ்டரின் சித்தப்பா வைத்திருந்த கார் அது.

"கொண்டு போ தம்பி," என்றாராம் மாஸ்டர். "ஒண்டு மட்டும் கேக்கிறன். உன்ட விருப்பத்துக்கு மினுக்கிப் போடாத. கப்பலால இறங்கின அண்டைக்கு எப்பிடி இருந்ததோ, அப்பிடியே ஆக்கு."

அந்தச் சொல்லைக் காக்கா ஐந்து வருடம் சுமந்தார். மதினி ஆசையோடு கேட்ட சிவப்பு நிறம் முதல் நாளே தள்ளுபடியானது. டாஷ்போர்டைக் கழற்றியபோது, வெயில் படாத உட்பக்கத்தில் பழுப்பு வெள்ளைப் பெயின்ற் மிஞ்சியிருந்ததைக் கண்டார். அந்த நிறம்தான், வேறு பேச்சில்லை. "சோற்றுக் கஞ்சி மாதிரி இரிக்கி" என்று மதினி முகத்தைச் சுழித்தார். காக்கா ஒவ்வொரு ஆணியையும் பழைய படங்களோடு வைத்துப் பார்த்தார். ஆணியின் தலை வேறு வடிவமாக இருந்தால், தானே கடைந்து செய்தார்.

கடைசியாக மிஞ்சியது கோழி இருந்த சீற். அது என் தலையில் விழுந்தது. என் கணவர் மௌத்தான பிறகு நான் பள்ளிக்கூட யூனிபோர்மும் அபாயாவும் தைத்துத்தான் பிழைத்து வந்தேன். தோலில் ஊசி ஏற்றியதே இல்லை. மாஸ்டர் வீட்டில், அதே சித்தப்பா வாங்கிய பழைய தோல் சோபா ஒன்று கிடந்தது. நிறமும் வயதும் பொருந்தின. அதை உரித்துக்கொண்டு வந்து என் மெசினுக்குப் பக்கத்தில் போட்டார் காக்கா.

முதலாவதாகத் தைத்துக் கொடுத்ததைக் கண்ணாடி வைத்து எண்ணிவிட்டு, "அங்குலத்துக்கு ஏழு தையல் வந்திரிக்கி. தொழிற்சாலைக்காரன் ஆறுதான் போட்டிரிக்கான்" என்றார்.

"ஏழு எண்டா இன்னும் பலந்தானே, காக்கா?"

"பலம் தேவல்ல, ஆறு தேவை. பிரி."

பிரித்தேன். ஆறு போட்டுக் கொடுத்தேன். அப்போது பழைய சீற் உறையின் கிழிசல் ஓரத்தைக் காட்டினார். தொழிற்சாலையில் தைத்தவருக்கு அந்த இடத்தில் கை வழுக்கியிருக்கிறது. தையல் ஒரு நெல் அகலத்துக்கு விலகி ஓடியிருந்தது. "இதில கோணலா இரிக்கி. நீயும் கோணலாத் தை."

இருபது வருடமாக நேராகத் தைத்துப் பெயர் எடுத்த எனக்கு, வேண்டுமென்று கோணலாகத் தைக்கக் கை வரவில்லை. மூன்று முறை பிழைத்தது. அதாவது, மூன்று முறையும் நேராகவே வந்தது. நான்காம் முறை கண்ணை மூடிக்கொண்டு மெசினை மிதித்தேன். காக்கா பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்! அருமையான பிழை" என்றார்.

காரின் முதல் ஓட்டம் காரைதீவுக்குத்தான். மாஸ்டரை ஏற்றிக்கொண்டு மாவடிப்பள்ளி வயல் வரை போய் வந்தார். மாஸ்டர் வழி முழுக்க டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தாராம். இறங்கும்போது, "ஓம், இதுதான் அந்தக் கார்" என்றாராம்.

அதன் பிறகுதான் கொழும்பில் நடந்த பழைய கார்ப் போட்டிக்குப் போனோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு எந்தக் கார் மிகக் கிட்ட நிற்கிறது என்று பார்த்துப் புள்ளி போடும் போட்டி அது. காக்கா, மதினி, நான் மூவரும் காருக்குப் பக்கத்தில் நின்றோம். நடுவர் தமிழும் பேசத் தெரிந்த வயதான கனவான். நிலத்தில் கைக்கண்ணாடி வைத்து அடிப்பாகத்தைக்கூடப் பார்த்தார். சீற்றுக்கு வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"இதைத் தொடாம விட்டது நல்ல புத்தி. தொழிற்சாலையில தைச்சது அப்படியே இருக்கு. பாருங்க, இந்தத் தையல் விலகியிருக்கு. அந்தக் காலத்துக் கார்கள்ல இப்படித்தான் வரும்." பழைய சீற் பழுதாகாமல் இருந்தால் மேலதிகப் புள்ளி உண்டு. அவர் அதைத் தாளில் எழுதினார்.

நான் காக்காவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "பேசாம இரிங்க காக்கா."

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார். "சேர், அந்தப் புள்ளிய வெட்டுங்க. அது தொழிற்சாலையில தைச்சதில்ல. இந்தா நிக்கிறா என்ட தங்கச்சி, இவதான் தைச்சா."

நடுவர் மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம், "அப்ப இந்தக் கோணல்?" என்றார்.

"காக்காதான் அப்பிடித் தைக்கச் சொன்னார் சேர். மூணு தரம் நேரா வந்து பிரிச்ச நான்."

பக்கத்துக் கார்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். நடுவர் எழுதியதை வெட்டினார். ஒரே ஒரு புள்ளியால் முதலிடம் தவறி, எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது.

திரும்பி வரும்போது மதினி பின்னால் ஒரு வேனில் வர, நான் காரில் காக்காவுக்குப் பக்கத்தில் அம்பாறை தாண்டும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன். கடைசியில் கேட்டேன்: "கேட்டாரா அவர்? கேக்காததுக்கு ஏன் சொன்னீங்க?"

"பொய்யில வாற கோப்பை நமக்கு வேணாம். அது ஒண்டு," என்றார். பிறகு கண்ணைத் துடைத்தபடி வீதியைப் பார்த்துச் சொன்னார்: "உன்ட கைவேலைய ஆரோ ஒரு இங்கிலீஷ்காரன்ட பேர்ல எழுதினா, நான் எப்பிடிப் புள்ள பாத்துக்கொண்டு நிக்கிற?"

அடுத்த மாதம் அந்த நடுவரே தொலைபேசி எடுத்தார். தன் சொந்தக் காரின் சீற்றைத் தைத்துத் தர முடியுமா என்று கேட்டார். அதன் பின் யூனிபோர்ம் தைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. இன்று என்னோடு இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள்.

காக்காவுக்கு இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் இருந்தது ஒன்பது நாட்கள். மருந்து வண்டியின் சில்லு கீச்சிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. மதினியிடம் தேங்காயெண்ணெய் கொண்டுவரச் சொல்லி, தாதியிடம் எந்த இடத்தில் விட வேண்டுமென்று கட்டிலிலிருந்தே காட்டினார். சத்தம் நின்றதும் நிம்மதியாகப் படுத்தார். ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்கு முன், வாயில் கலிமாவோடு போனார்.

அவரைப் பார்த்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், ஜனாஸாவைச் சுமந்த ஜமாஅத்தாருக்கும், கைத்தடியோடு வந்து பள்ளிவாசல் வாசலில் கடைசி வரை நின்ற மாஸ்டருக்கும், மூன்று நாட்கள் எங்கள் வீட்டுக்குச் சோறும் மீனும் சமைத்து அனுப்பிய, அவரிடம் இஞ்சின் திருத்திய பெரியநீலாவணைத் தோணிக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்கிறது. அவர் யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் அல்லாஹ்வுக்காக மன்னித்துப் பொருந்திக்கொள்ளுங்கள்.

காக்கா திருத்தித் தந்த ஒரு மோட்டரோ, தோணி இஞ்சினோ, உழவு மெசினோ உங்களிடம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை அதை ஸ்டார்ட் பண்ணும்போது, அவருக்காக அல்லாஹ்விடம் ஒரு துஆ கேளுங்கள்.