நோன்பு மாதத்தில் எங்களுக்காகச் சுவைத்தவர்

செய்தி வந்தபோது மேசையில் ஐந்து கிளாஸ்களில் இஞ்சி பியர் ஊற்றி வரிசையாக வைத்துவிட்டு யோகம் அக்காவுக்காகக் காத்திருந்தேன். தினமும் காலை எட்டு மணிக்கு அவர் பாண்டிருப்பிலிருந்து நடந்தே வந்துவிடுவார். அன்று எட்டரை ஆகியும் வரவில்லை. எங்கள் முதலாளி நிஸார் காக்கா உள்ளே வந்து போத்தல் கழுவும் இயந்திரத்தை நிறுத்தினார்.

“யோகம் அக்கா மோசம் போயிட்டா. விடிய நெஞ்சு நோகுதெண்டு சொன்னாவாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள…” என்றவர், பேச்சை முடிக்காமல் சீனி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். ஊற்றி வைத்த கிளாஸ்களை அன்று யாரும் தொடவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி அக்காவின் மூத்த மகள் கேட்டார். நான் ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டவள். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் எழுத ஒப்புக்கொண்டேன். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அக்காவை அயலவராகவும், கோயில் பொங்கலுக்கு முதல் ஆளாக வந்து நிற்பவராகவும் தெரியும். கல்முனையில் எங்கள் சோடாக் கம்பனியில் அவர் யாராக இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

நாங்கள் செய்வது இஞ்சி பியர். பெயரில் மட்டும்தான் பியர். இஞ்சி, சீனி, தேசிக்காய்ச் சாறு, கொஞ்சம் கராம்பு, கறுவாப்பட்டை. காய்ச்சி வடித்து, ஆறவிட்டு, காஸ் ஏற்றி மூடியடிப்போம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சந்தையில் ஒருவர் வாப்பாவிடம், “என்ன காக்கா, மகள் பியர் கம்பனியிலயாம்?” என்று கேட்டிருக்கிறார். வாப்பா ஒரு போத்தலை வாங்கி அந்த இடத்திலேயே மூடியைத் திறந்து குடிக்கக் கொடுத்தாராம். காரத்தில் கேட்டவர் மூன்று தரம் தும்மிவிட்டு, இன்னொன்று கேட்டாராம்.

அந்தக் காரம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொண்டவர் யோகம் அக்கா. போத்தல் கழுவத்தான் வந்தாராம். ஒருநாள் ஆறவைத்த பாணியில் ஒரு கரண்டி குடித்துவிட்டு, “தேசிக்காயை விதையோட நசிச்சிருக்கீங்க, கசக்குது” என்று சொன்னாராம். அது உண்மையாக இருந்தது. அன்றிலிருந்து அவர் சொல்லாமல் ஒரு போத்தலும் வெளியே போனதில்லை.

கொழும்பிலிருந்து இஞ்சி எசன்ஸ் விற்க ஒருவர் வந்த நாளை மறக்க முடியாது. எசன்சுக்கும் இஞ்சிக்கும் வித்தியாசமே தெரியாது என்று அவர் சாதித்தார். நிஸார் காக்கா சிரித்துக்கொண்டே அக்காவைக் கூப்பிட்டார். விற்க வந்தவர் நாங்கள் பார்க்காதபடி மூன்று கிளாஸ்களை நிரப்பினார். அக்கா ஒரு மிடறு குடிப்பார், ஒரு துண்டு கிரீம் கிறேக்கர் பிஸ்கட் கடிப்பார், தண்ணீரால் வாயைக் கொப்பளிப்பார், அடுத்ததற்குப் போவார்.

“நடுவில உள்ளது எங்கட. இந்தப் பக்கம் எசன்ஸ். அந்தப் பக்கம் ரெண்டையும் கலந்திருக்கீங்க.”

வந்தவர் கிளாஸ்களை மாறி மாறிப் பார்த்தார். “எப்பிடி அக்கா?”

“எசன்ஸ் நாக்கில நிண்டு கத்தும் தம்பி. இஞ்சி தொண்டைக்குள்ள போய்த்தான் தட்டும்.”

“எங்கட கம்பனிக்கு வாங்களன், கொழும்புக்கு!”

“வந்தா எனக்கு ஆர் சோறாக்கித் தாற? உங்கட மனிசியா?”

அன்று முழுவதும் நிஸார் காக்கா வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. வீட்டுக்குப் போய் உம்மாவிடம் சொன்னேன்.

நான் லேபல் ஒட்டுகிறவள். அக்கா குடித்துப் பார்த்த மிச்சத்தை நானும் குடித்துப் பார்ப்பேன். எனக்குத் தோன்றியதை அவருக்கு மட்டும் கேட்கும்படி சொல்வேன். சிறிய கண்டி இஞ்சிக்கும் தண்ணீர்ப் பிடிப்பான சீன இஞ்சிக்கும் உள்ள வித்தியாசத்தில் இருவரும் ஒத்துப்போவோம். கராம்பு, கறுவா விஷயத்தில் சண்டைதான். ஒரு தரம் கறுவா கூடிவிட்டது என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் வந்ததும் வராததுமாக எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: “ஹஸீனா சொன்னதுதான் சரி. வீட்ட போற வழியெல்லாம் என்ட நாக்கில கறுவாதான் நிண்டது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “உனக்கு நாக்கு இருக்கு புள்ள. வாய்தான் இல்ல.”

நோன்பு மாதத்தில்தான் எங்களுக்கு வேலை அதிகம். நோன்பு திறக்க ஊரெல்லாம் இஞ்சி பியர் கேட்கும். ஆனால் கம்பனியில் அக்காவைத் தவிர எல்லோருக்கும் நோன்பு. எட்டு வருடங்களாக அந்த மாதம் முழுவதும் பகலில் எங்களுக்காகச் சுவைத்தது அவர் ஒருவரின் நாக்குத்தான். நாங்கள் பார்க்கக் கூடாது என்று முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். மத்தியானச் சோற்றையும் வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவார்.

பெண்களுக்கு மாதாந்தம் நோன்பு பிடிக்க முடியாத நாட்கள் உண்டு. அந்த நாட்களிலும் ஆண்களுக்குத் தெரிந்துவிடும் என்ற வெட்கத்தில், நோன்பாளி போலத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேலை செய்வேன். இங்கே என்னைப்போல் நடிக்கிற பெண்கள் நிறையப் பேர். ஒருநாள் வெக்கையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். அக்கா என்னைச் சீனி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய், தண்ணீர்ப் போத்தலைத் தந்துவிட்டு, சேலையை விரித்துப் பிடித்து மறைத்துக்கொண்டு நின்றார். “குடி புள்ள. அல்லா உன்னைக் குடிக்கச் சொல்லித்தானே இருக்கான். நீ ஆருக்குப் பயப்படுறாய்?”

போன வருட நோன்பில் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்க இஞ்சி பியர் கொடுக்க நிஸார் காக்கா ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு முதல் நாள் கரண்ட் போய், காய்ச்சிய பாணி பகல் முழுவதும் வெக்கையில் கிடந்தது. அதைத்தான் அவசரத்தில் போத்தலில் அடைத்தார்கள். மறுநாள் லொறியில் பாதி ஏற்றியான பிறகு அக்கா ஒரு போத்தலைத் திறந்து குடித்தார். மறுபடியும் குடித்தார். “தம்பி, எனக்குக் கடும் தடிமன். மூக்கடைச்சு ருசி ஒண்டும் விளங்குதில்ல” என்றார். தன் நாக்கைப் பற்றி அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

நிஸார் காக்கா போத்தலை மணந்து பார்த்தார். “நல்லாத்தானே இரிக்கி. ஏத்துங்க.”

எனக்கு அது நல்லதாகத் தெரியவில்லை. மூடி திறந்தபோது பேக்கரியில் பாணுக்குப் பிசைந்த மா புளித்தது போல ஒரு மணம் வந்தது. பாணி புளித்துச் சாராயம்போல் வெறியேறியிருந்தால், நோன்பாளிகள் அதைக் கொண்டுதான் நோன்பு திறப்பார்கள். அன்று எனக்கு நோன்பும் இல்லை. ஆனால் அத்தனை ஆண்கள் நடுவில் அதை எப்படிச் சொல்வது?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “எல்லாரும் கொஞ்சம் வெளியால நில்லுங்க” என்றார். அவர்கள் போனதும் கிளாஸை என் கையில் தந்தார். ஒரு மிடறு போதுமாக இருந்தது. இஞ்சிக்குப் பின்னால் ஒரு புளிப்பு, அதற்கும் பின்னால் இஞ்சியில் இல்லாத ஒரு சூடு.

“புளிச்சிட்டு அக்கா. அனுப்ப ஏலா.”

அவர் கதவைத் திறந்தார். “தம்பி, இறக்குங்க. ஒரு போத்தலும் போகாது.”

“உங்களுக்குத் தடிமன் எண்டுதானே சொன்னீங்க? அப்ப ஆர் குடிச்சுப் பார்த்த?”

நான் தரையைப் பார்த்தபடி நின்றேன். அக்கா எனக்கு முன்னால் வந்து நின்றார்.

“எட்டு வருஷமா என்ட நாக்க நம்பினீங்க. இண்டைக்கு ஆரெண்டு கேக்காம நம்புங்க.”

நிஸார் காக்கா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு தானே முதல் பெட்டியை இறக்கினார். பின்னேர அஸர் தொழுகைக்குள் மூலையில் வைத்த போத்தல்களில் இரண்டு மூடியைத் தள்ளி நுரையோடு வெடித்தன. மிச்ச நேரத்தில் எல்லோருமாகத் தேசிக்காய் பிழிந்து, பாங்கு சொல்வதற்கு முன் சர்பத்தைப் பள்ளிவாசலுக்கு அனுப்பினோம். அக்கா மூக்கைச் சிந்திக்கொண்டே எங்களோடு பிழிந்தார்.

இந்த வருட நோன்பு அவர் போன இரண்டாவது கிழமையில் தொடங்கியது. பாண்டிருப்பில் வேறு யாரையாவது பிடிக்கலாமா என்று நிஸார் காக்கா விசாரித்துப் பார்த்தார், கிடைக்கவில்லை. போன வியாழக்கிழமை லொறி வந்து நின்றது. சுவைக்க ஆள் இல்லை. நிஸார் காக்கா ஒரு போத்தலைத் திறந்து மணந்துவிட்டு, “என்ன செய்யிற, இப்பிடியே அனுப்புவம்” என்றார்.

“காக்கா, இண்டைக்கு எனக்கு நோன்பில்ல. நான் குடிச்சுப் பாக்குறன்.”

என் குரல்தான் அது. பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. நிஸார் காக்கா கிளாஸை நீட்டிவிட்டு மற்றப் பக்கம் திரும்பி நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் திரும்பினார்கள். நான் குடித்தேன். பிஸ்கட் ஒரு துண்டு கடித்தேன். வாயைக் கொப்பளித்து, திரும்பவும் குடித்தேன்.

“சீன இஞ்சி கலந்திருக்கு. காரம் காணாது. இத அனுப்பாதீங்க காக்கா” என்றேன்.

“ஓம் புள்ள” என்று அவர் அடுப்பை மூட்டப் போனார்.

நாக்கு எனக்கு அல்லாஹ் தந்தது. ஆண்கள் கேட்டுக்கொண்டு நிற்கும்போது அதை நம்பிப் பேசுகிற வாயை யோகம் அக்கா தந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அதுதான்.