பன்னிரண்டு கரப்பான்களுடன் கம்பளையிலிருந்து குண்டசாலைக்கு

உயிருள்ள பூச்சிகளை எடுத்துக்கொண்டு கண்டிப் பக்கம் பயணம் செய்வது எப்படி என்று இருவர் கேட்டிருந்தார்கள். நான் ஒருமுறை செய்திருக்கிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த நான், கம்பளையில் அறை எடுத்துத் தங்கி விலங்கியல் ஆய்வு செய்துகொண்டிருந்தேன்.

பொழுது சாய்ந்தால் கரப்பான் ஓடத் தொடங்கும். அதன் கண்ணும் அப்போதுதான் கூர்மையாகும். வெளிச்சமே காட்டாவிட்டாலும் இப்படி நடக்குமா என்பதுதான் என் கேள்வி. பன்னிரண்டு கரப்பான்களைப் பத்து நாள் முழு இருட்டில் வைத்திருந்தேன். ஓட்டம் நிற்கவில்லை, தினமும் சில நிமிடம் முந்தியது, அவ்வளவுதான். கண்ணின் கூர்மையை அளக்கும் கருவி குண்டசாலையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. வழியில் கொஞ்சம் பகல் வெளிச்சம் பட்டாலும் அவற்றின் உடலுக்குள் ஓடும் நேரக்கணக்கு மாறிவிடக்கூடும். பிறகு பத்து நாளும் வீண்.

காலை 7.40க்குப் புறப்பட்டோம். ஓட்டோக்காரர் செல்வராஜ் கம்பளையில் பிறந்து வளர்ந்தவர், நன்றாகச் சிங்களம் பேசுவார். ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர், நானூறு ரூபாய். பஸ் மலிவுதான். ஆனால் கறுப்புத் துணி சுற்றிய பெட்டியோடு அந்த நாளில் என்னை யார் ஏற்றுவார்கள்?

8.25க்குப் பேராதனைக்குக் கிட்டச் சோதனைச் சாவடியில் மறித்தார்கள். சிப்பாய் ஒருவர் என் அடையாள அட்டையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், இரண்டடி பின்னால் போனார். துப்பாக்கி சற்று உயர்ந்தது.

“தொறக்கச் சொல்றாரு மிஸ்,” என்றார் செல்வராஜ். “தொறந்துருங்க. நமக்கு எதுக்குப் பிரச்சினை?”

“திறக்கிறன். ஆனா இருட்டுக்குள்ள. உள்ளுக்குக் கரப்பொத்தான்தான் இருக்கு, சிவப்பு வெளிச்சம் அதுகளுக்குத் தெரியாது எண்டு சொல்லுங்கோ.”

செல்வராஜ் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னார். சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்தினார். பிறகு மணல் மூட்டை அடுக்கிய அறைக்குள் என்னை அழைத்துப்போய், தன் மழைக்கோட்டை வாசலில் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தார். பையிலிருந்த டோர்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகச் சுற்றி, மூடியைத் தூக்கினேன். பன்னிரண்டும் அசையாமல் கிடந்தன.

“செத்துப்போச்சான்னு கேக்குறாரு!” வெளியிலிருந்து செல்வராஜ்.

“இல்லை. இப்ப பகல் எண்டு நினைச்சுப் படுத்திருக்குதுகள். பொழுதுபட ஓடத் தொடங்கும்.”

சிப்பாய் குனிந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

“சூரியனையே பாக்காம எப்படித் தெரியும்னு கேக்குறாரு மிஸ்.”

“அதைத்தான் நானும் தேடுறன்.”

செல்வராஜ் மொழிபெயர்த்ததும் சிப்பாய் சிரித்துவிட்டார். மூடியை அவரே மூடி, துணியையும் இறுக்கிக் கட்டினார்.

9.50க்குக் குண்டசாலை. அன்று மாலை, இருட்டறையில், கருவியின் முள் பகலில் நின்ற இடத்தைத் தாண்டி ஏறியது. பத்து நாளாகச் சூரியனைக் காணாத கண்கள் மாலையை அறிந்திருந்தன. மறுநாளும் அப்படியே. நான் அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், ஓட்டோவில் எஞ்சினுக்குக் கிட்டப் பெட்டியை வைக்காதீர்கள், சூடும் பூச்சியைக் குழப்பும், ஈரப்பஞ்சு போதும், தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம்.

ஆறாம் நாள் செல்வராஜின் ஓட்டோவில் அதே வழியாகத் திரும்பினேன். அதே சிப்பாய் கைகாட்டி மறித்தார். அட்டையை எடுக்கப் பையைத் திறந்தேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

“பூச்சி ஓடுச்சான்னு கேக்குறாரு,” என்றார் செல்வராஜ்.

அந்த வருடங்களில் எத்தனையோ சாவடிகளில் என் ஊரைக் கேட்டார்கள். என் வேலையைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.