மருமகள் கழற்றிய திரை

என் கண்ணின் நடுப்பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் பேப்பரில் சில எழுத்துகள் நெளிந்தன. அச்சு சரியில்லை என்று பேப்பர் போடுகிறவரிடம் சண்டைக்குப் போனேன். பிறகு எதிரே வருகிறவர்களுக்கு முகம் இருக்கவேண்டிய இடத்தில், ஈரத்துணியால் தேய்த்த மாதிரி ஒரு கறை தெரிய ஆரம்பித்தது. காது தெரியும், தோள் தெரியும், சட்டையின் நிறம் தெரியும். முகம் மட்டும் இருக்காது.

சேலத்துக் கண் டாக்டர் நிதானமாகச் சொன்னார். “இனிமே கண்ணாடி மாத்திப் பிரயோஜனம் இல்லீங்க. ஓரப்பார்வை கடைசி வரைக்கும் இருக்கும். நடக்கலாம், சாப்பிடலாம், யாரையும் புடிச்சுக்க வேண்டியதில்ல. படிக்கறதுதான் சிரமம். எழுத்தை நல்லாப் பெரிசாக்கிக் காட்டுற மெசின் இருக்குது, அது வச்சுப் படிக்கலாம்.”

அந்த மெசினின் விலையைக் கேட்டுவிட்டு நானும் என் சம்சாரமும் ஊருக்குப் பஸ் ஏறினோம்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தவன் நான். எந்த ஊருக்கு எந்த லோடு, எந்த வண்டி என்று பொழுதுக்கும் போனும் காகிதமுமாகவே இருந்தவன். கண் இப்படி ஆனதும் ஆபீஸை மூடினேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். காலையில் காப்பியோடு பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கும் சுகம் போனதைத்தான் தாங்க முடியவில்லை. என் சம்சாரம் படித்துக் காட்டுவாள். ஆனால் அவளுக்குப் பிடித்ததை மட்டும் படிப்பாள். தங்கம் விலையும் யார் செத்தார்கள் என்பதும் தெரிந்துவிடும். நாட்டில் வேறு என்ன நடக்கிறது என்று கேட்டால், “எல்லாம் நேத்து மாதிரித்தானுங்க” என்று மடித்து வைத்துவிடுவாள்.

எங்கள் மருமகளுக்குப் பிறந்த ஊர் கெங்கவல்லிப் பக்கம். திருச்செங்கோட்டில் இஞ்சினியரிங் படித்தவள். மகன் போர்வெல் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேயே இருப்பான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் நானும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. பகை ஒன்றும் இல்லை. “சாப்பிடுறீங்களா மாமா”, “ஆச்சு சாமி”, அவ்வளவுதான். வீட்டை நான் “ஊடு” என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும், அவள் “என்னா மாமா” என்றால் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்ப்போம்.

ஒரு நாள் மத்தியானம் நான் கட்டிலில் படுத்திருந்தபோது கூடத்தில் ஸ்குரூ கழற்றும் சத்தம் கேட்டது. அவளுடைய காலேஜ் லேப்டாப் செத்துப்போய் நெடுநாளாக அலமாரியின் மேல் கிடந்தது. ரிப்பேர் கடைக்காரர் போர்டு போய்விட்டது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்லியிருந்தார். அதைத்தான் தரையில் துணி விரித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அத எதுக்கு சாமி பிரிக்கிற?”

“போர்டுதான் மாமா செத்துப்போச்சு. திரை நல்லாத்தான் இருக்குது. தனியா எடுத்து இதுக்குன்னு ஒரு போர்டு வாங்கி மாட்டினா டிவி மாதிரி ஓடும். அதுல உங்களுக்குப் பேப்பரைப் பெரிசாக் காட்டலாம்.”

டாக்டர் சொன்னதை நாங்கள் வீட்டில் பெரிதாகப் பேசவே இல்லை. என் சம்சாரம் அடுப்படியில் புலம்பியதைக் கேட்டு, இவள் தனியாக அதையே யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரையை விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து வெளியே எடுத்தாள். காகிதம் போல மெல்லிசு. பின்புறம் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள நம்பரைப் போனில் படம் பிடித்து அனுப்பி, அதற்குத் தகுந்த போர்டைத் தபாலில் வரவழைத்தாள். முதலில் வந்தது வீணாய்ப் போயிற்று. வயரின் முனை அகலமாக இருந்தது, திரையின் பொருத்தில் நுழையவில்லை. திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்று வரும்வரை காத்திருந்தோம். நான் ஒருவரிடமும் கேட்கவில்லை என்றாலும் வாசலில் கூரியர் வண்டி நின்றால் என் காது அங்கேதான் போகும்.

இரண்டாவது போர்டு பொருந்தியது. மின்சாரம் கொடுத்ததும் திரை முழுக்க வெள்ளையாக எரிந்தது. படம் ஒன்றும் இல்லை. “போனாப் போகுது சாமி” என்றேன். “இருங்க மாமா” என்று வயரைக் கழற்றித் துடைத்து, கட்டைவிரலால் ஒரே சீராக அமுக்கினாள். வெள்ளை போய் நீலம் வந்தது. “திரையோட போர்டு பேசுது மாமா!” என்று கத்தினாள். அவள் எங்கள் வீட்டில் சத்தமாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கேமரா ஒன்று வேண்டுமே என்றாள். என் ஆபீஸ் வாசலில் மாட்டியிருந்த பழைய கண்காணிப்புக் கேமரா பரணில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன், அதைத் திரையின் போர்டில் இணைத்துக் காகிதத்துக்கு மேலே தொங்கவிட்டாள். தூரத்தில் வரும் வண்டியைப் பார்க்கச் செய்த கேமராவுக்குக் கிட்டே இருக்கும் காகிதம் மங்கலாகத்தான் தெரிந்தது. அவள் மூடியைக் கழற்றி, லென்ஸைத் திருகாணி மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே திருகினாள். “சொல்லுங்க மாமா, எப்பத் தெளியுதுன்னு.” நான் திரைக்கு ஒரு சாண் தூரத்தில், முகத்தைக் கொஞ்சம் திருப்பி ஓரப்பார்வையால் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்புப் புகை மாதிரி என்னவோ அசைந்தது. புகை இறுகியது. இறுகி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு “ம” ஆனது.

“நிறுத்து சாமி, நிறுத்து. அப்படியே உடு.”

காகிதத்தை நகர்த்த நகர்த்த எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. “மழை” என்று படித்தேன். வானிலைச் செய்தி. நாமக்கல், சேலம் மாவட்டங்களில் மிதமான மழை பெய்யலாம் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. சின்ன வயதில் எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரி இருந்தது. ஆனால் யாரும் பொறுக்கிக் கொடுக்காமல் நானே படித்த வரி.

அந்த நேரம் பார்த்து என் சம்சாரம் கை துடைத்துக்கொண்டு வந்தாள். “இதென்னுங்க இது, கத்திரிக்காயாட்டம் தொங்குது?” என்று குனிந்து கேமராவை அண்ணாந்து பார்த்தாள். திரையில் வெளிச்சமும் நிழலுமாக ஏதோ பெரிதாக அசைந்தது. மருமகள் சட்டென்று லென்ஸை வெளியே இன்னும் அரைச் சுற்றுத் திருப்பினாள். ஒரு மூக்குத்தி தெரிந்தது. அப்புறம் மூக்கு. அப்புறம் கண்ணுக்குக் கீழே நான் பார்த்திராத சுருக்கங்கள். நெற்றியில் குங்குமம் கொஞ்சம் கோணலாக இருந்தது.

“அப்படியே இரு” என்றேன்.

“எதுக்குங்க? அடுப்புல பால் இருக்குதுங்க.”

“பால் பொங்கட்டும். உன் மூஞ்சி தெரியுது.”

அவள் நிமிரவில்லை. பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. ஒருவரும் போகவில்லை. “நான் கிழவியாயிட்டனாட்டம் இருக்குதா?” என்று கேட்டாள். ஆமாம் என்று உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தபோது திரை முழுக்கப் பல்லாக இருந்தது. மருமகள் பால் பாத்திரத்தை இறக்கி வைக்கிறேன் என்று அடுப்படிக்குப் போனவள், நெடுநேரம் திரும்பி வரவில்லை.

திரையையும் போர்டையும் வெறுமனே அட்டையில் கட்டி வைத்திருந்தோம். அதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்று லாரி பாடி கட்டுகிற என் பழைய சிநேகிதனிடம் போனோம். மருமகள் அளவு சொல்லச் சொல்ல அவன் தகரம் வெட்டினான். சூடு வெளியே போகப் பின்புறம் ஓட்டை வைக்கவேண்டும் என்றாள், வைத்தான். கேமரா தொங்க ஒரு கை வைத்து ரிவெட் அடித்தான். அதோடு விட்டிருக்கலாம். “வெறுந் தகரமாக் குடுத்தா என் பட்டறைக்குக் கேவலம்ப்பா” என்று பெயின்டரைக் கூப்பிட்டு, லாரிக்கு அடிக்கிற சிவப்பும் மஞ்சளும் அடித்து, முதுகில் இரண்டு கிளிகளையும் எழுதச் சொன்னான். கூலி என்ன என்று கேட்டதற்கு என்னைத் திட்டினான். வீட்டுக்கு வருகிறவர்கள் என் மேசையைப் பார்த்ததும் முதலில் அந்தக் கிளிகளைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது காலையில் பேப்பர் படிக்கப் பத்து மணி தாண்டிவிடுகிறது. எல்லாம் படிக்க முடிவதில்லை. கண் களைத்துவிடும், மூடிக்கொண்டு உட்காருவேன். அப்போது மருமகள் வந்து, “எதுல நிக்கிறீங்க மாமா?” என்று கேட்டு மிச்சத்தைப் படிப்பாள். அவள் எதையும் விடுவதில்லை. விளையாட்டுப் பக்கத்தில் அவளுக்கும் எனக்கும் தகராறே நடக்கிறது. மகன் போன் பண்ணினால், “நீங்க ரெண்டு பேரும் பேசறதப் பாத்தா நான்தான் ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்டம் இருக்கேன்” என்கிறான்.

போன மாதம் மருமகளோடு கண் டாக்டரிடம் காத்திருந்தபோது பக்கத்தில் புதுச்சத்திரத்து அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த அதே நோய். வீட்டிலேயே தையல் மெசின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். தைக்கக் கைக்குத் தெரிகிறது, ஊசிக் காதில் நூல் கோக்கத்தான் முடியவில்லை என்றார். “ஒவ்வொரு தடவையும் தெருவுல போறவங்களக் கூப்பிட வேண்டியிருக்குதுங்க. எத்தன தடவைதான் கூப்பிடறது?”

மருமகள் அவரிடம் நம்பர் வாங்கிக்கொண்டாள். திருச்செங்கோட்டில் அவளுடன் படித்த ஒருத்தியிடம் போர்டு போன லேப்டாப் ஒன்று சும்மா கிடந்தது. அதன் திரைக்கு இந்தத் தடவை வாங்கிய முதல் போர்டே சரியாக அமைந்தது, பழைய கேமரா ஒன்றும் தேடி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் அதைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சேலம் பஸ்ஸில் புதுச்சத்திரம் போனோம். ஜன்னலோரம் என்னை உட்கார வைத்து, வழியில் வரும் கோழிப்பண்ணைகளை அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். ஓரப்பார்வைக்கு எல்லாமே தெரிந்தது. தெரியாதது போலக் கேட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாவின் மெசினுக்குப் பக்கத்தில் திரையை நிறுத்தி, கேமராவை ஊசியைப் பார்த்துத் திருப்பினாள். திரையில் ஊசி கடப்பாரை மாதிரி நின்றது. அந்த அம்மா நூலை நாக்கில் நனைத்து, திரையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினார். கை இடமா வலமா என்று தடுமாறியது. நூல் தவறி மடங்கியது. மறுபடி நனைத்தார். மறுபடியும் தவறியது. பிறகு நூல் நுனி அந்த ஓட்டைக்குள் போய் அந்தப் பக்கம் வந்தது.

அந்த அம்மா நூலை இழுத்துப் பார்த்தார். காலால் மெசினை மிதித்து, மடியில் கிடந்த துண்டுத்துணியில் நேராக ஒரு தையல் ஓட்டினார். பிறகுதான் மருமகளின் கையைப் பிடித்து, “யார் பெத்த புள்ளையோ, சாமி” என்றார்.

“எங்க ஊட்டுப் புள்ளதானுங்க” என்றேன்.