பெண்மைக்குப் பன்னிரண்டு பொடி

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குப் பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் நான் பேக்கிங் சூப்பர்வைசர். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். காயத்தின்மேல் வைக்கிற துணி என்பதால், உள்ளே வேலை செய்கிற பெண்கள் பவுடர் பூசக் கூடாது. மை, பூ, வளையல் எதுவும் ஆகாது. வாசலில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, பூசியிருந்தால் கழுவிவிட்டு வரச் சொல்வது என் பொறுப்பு. பதினோரு வருடமாகச் செய்கிறேன். கொஞ்சம் ருசித்தே செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மகளிர் தினத்துக்கு வழக்கமாக டிபன் பாக்ஸ் தருவார்கள். போன வருடம் முதலாளியின் மருமகள் மேக்கப் சாமான் வியாபாரம் ஆரம்பித்திருந்தார். அதனால் எங்கள் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு ஐஷேடோ பெட்டி. திறந்தால் மூடியில் கண்ணாடி. கீழே பன்னிரண்டு குழிகளில் பன்னிரண்டு பொடி. வெளிறிய ரோஸ், அதைவிட வெளிறிய ரோஸ், துவைத்துத் துவைத்து நைந்த பனியன் நிறம், சாயம் போன ஜாக்கெட் நிறம் என்று போயிற்று வரிசை. ஓரத்தில் ஒன்று மட்டும் செங்கல் பொடி மாதிரி பழுப்பாக இருந்தது.

சாப்பாட்டு ஹாலில் எங்களை உட்காரவைத்து அவர் பேசினார். “நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு மென்மையான பொண்ணு இருக்கா. வேலை, வீடுன்னு ஓடி ஓடி அவளை மறந்துட்டோம். இது அவளுக்கான கலர்ஸ். ரொம்ப சாஃப்ட்டா, பெண்மையா இருக்கும்.”

எனக்குள் அப்படி ஒருத்தி இருந்திருந்தால், அவளும் விடியும் முன் எழுந்து உலை வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறியிருக்க வேண்டும். அவளை யாரும் மறக்கவில்லை. அவளுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். துணி மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன நாற்பது பெண்களுக்கு முன்னால் நின்று, மென்மை ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று சொல்ல எவ்வளவு அறியாமை வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“யாருக்காவது போட்டுக் காட்டறேன். யார் வர்றீங்க?”

யாரும் எழவில்லை. மானேஜர் என்னைக் கை காட்டினார்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணை மூடச் சொன்னார். அணில் வால் மாதிரி ஏதோ இமைமேல் ஓடியது. திறந்து பார்த்தால் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. அடுப்பு ஊதும்போது சாம்பல் பறந்து ஒட்டுமே, அந்த மாதிரி ஒரு படலம். மறுபடி பூசினார். மறுபடியும் சாம்பல்தான்.

“உங்க ஸ்கின்ல எடுக்க மாட்டேங்குதுக்கா,” என்றார். குறை என் தோலில் என்பது போல ஒரு பரிவு அந்தக் குரலில்.

“பரவால்ல மேடம்,” என்றேன். அப்படிச் சொன்ன வாயை இன்றுவரை மன்னிக்கவில்லை.

பின் வரிசையிலிருந்து ஒருத்தி சத்தமாகச் சொன்னாள்: “அது வெள்ளத் தோலுக்குன்னு பண்ணுன சரக்கு மேடம். எம்புட்டு அப்புனாலும் எங்களுக்கு எங்க எடுக்கும்?”

ஹால் முழுக்கச் சிரிப்பு. மருமகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை அப்பினார். இப்போது நிறம் தெரிந்தது. ஜலதோஷம் முற்றி மூன்று நாள் அழுதவள் மாதிரி இருந்தேன். மானேஜர் போட்டோ எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குள் பாதிப் பேர் தங்கள் பெட்டிகளையும் திறந்து பூசிப் பார்த்திருந்தார்கள்.

பிறகு மணி அடித்தது. பேக்கிங் வாசலுக்குப் போய் நான் வழக்கம் போல நின்றேன். “எல்லாரும் மூஞ்சியக் கழுவிட்டு வாங்க,” என்றேன்.

முதலில் வந்தவள், ஹாலில் சத்தமாகப் பேசினாளே, அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு, கல்யாணமான புதிதில் வேலைக்குச் சேர்ந்தவள். சேர்ந்த இரண்டாம் நாள் லேசாகப் பவுடர் போட்டு வந்திருந்தாள். அவளை மூன்று தடவை கழுவ அனுப்பினேன். மூன்றாவது தடவை போனபோது அவள் முகத்தில் பவுடர் இல்லை. அது எனக்கும் தெரியும்.

அவள் ஒரு துண்டு கழிவுத் துணியை நனைத்துக் கொண்டுவந்திருந்தாள். என்னிடம் நீட்டினாள். “மொதல்ல நீங்க தொடைங்கக்கா. பொறவு எங்களப் பாக்கலாம்.”

துடைத்தேன்.

“இன்னும் இருக்கு. நல்லா அழுத்தித் தொடைங்க.”

மறுபடி துடைத்தேன்.

“ஓரத்துல இருக்குக்கா.”

அவள் சிரிக்கவில்லை. மற்றவர்களும் சிரிக்கவில்லை. பின்னால் நின்று, முறைக்குக் காத்திருக்கிறவர்கள் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பேசிய தொனி என்னுடையது. அது இவ்வளவு அசிங்கமானது என்று அன்றுதான் என் காதுக்குத் தெரிந்தது.

காருக்குப் போகிற வழியில் மருமகள் அங்கே நின்றார். “அய்யோ, அழிச்சிட்டீங்களாக்கா? எவ்வளவு அழகா இருந்துச்சு!”

“உள்ள பவுடர் விட மாட்டோம் மேடம்.”

“இது பவுடர் இல்லக்கா. ஐஷேடோ.”

துணியைக் குப்பையில் போட்டேன். அவரை வெறுக்கக்கூட அப்போது எனக்குத் தெம்பில்லை. என்னைப் பற்றித்தான் நினைப்பு ஓடியது. நானும் அவரும் ஒரே தொழில்தான் செய்துகொண்டிருந்தோம்: மற்ற பெண்களின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். பீரோ கண்ணாடி முன் நின்று அந்தப் பெட்டியைத் திறந்தேன். பன்னிரண்டையும் புறங்கையில் தேய்த்துப் பார்த்தேன். பதினொன்று வந்த தடம் தெரியாமல் போயின. செங்கல் நிறம் மட்டும் ஒட்டியது. ஆள்காட்டி விரலால் தொட்டு இரண்டு இமையிலும் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. நானே ஒத்துக்கொள்ளும் அளவுக்கு நன்றாக இருந்தது. என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். செருப்பை எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த மதினி என் முகத்தையே செத்த நேரம் பார்த்தாள். பூரித்துப்போய்க் காத்திருந்தேன்.

“ஏன் மதினி, கண்ணு இப்படிக் கெடக்கு? ராத்திரி தூங்கலையா?”

“ஆமா, கரண்டு இல்ல,” என்று சொல்லிவிட்டு, சாம்பார் ஊற்ற வந்தவரிடம் இலையை நகர்த்தினேன்.