கிளம்பிவிட்டதாகச் சொன்னவர்

அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் பூட்டுக்காரி. கணினியின் அடித்தளமான கெர்னலில் பூட்டுப் போடுவதும் எடுப்பதும் பதினோரு வருடமாக அவள் வேலை. நினைவகத்தின் ஒரு துண்டை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். வேலை முடித்துப் போகிறவர் அதில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எண் பூஜ்யமானால் துண்டைக் காலி செய்து அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். கேட்டால் சின்னப்பிள்ளை விளையாட்டு. செய்து பார்த்தால் தாவு தீர்ந்துவிடும்.

இப்போது தீர்ந்துகொண்டிருந்தது. சின்ன ஆஸ்பத்திரிகளும் வாங்கும்படி, நாடித்துடிப்பு காட்டும் மலிவான கருவி ஒன்றை அவர்கள் செய்திருந்தார்கள். புதிய சிப்பில் ஓடிய இருபது கருவிகளில் தினமும் நாலைந்து திரையோடு உறைந்தன. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் கருவியையே கைவிடப்போவதாக மேலாளர் சொல்லிவிட்டார். பூட்டுக்காரியோ தன் பகுதியில் தப்பே இல்லை என்று சாதித்தாள். பழைய சிப்பில் நான்கு வருடம் மக்கர் பண்ணாத நிரலாயிற்றே!

புதன்கிழமை காலை வீட்டில் ஒரு கூத்து. அவர்கள் மூன்று பேர். வீட்டைவிட்டுப் போகிறவர் குடும்ப வாட்ஸ்அப்பில் ‘கிளம்பியாச்சு’ என்று போட வேண்டும். கடைசி ஆள் வெளியே பூட்ட வேண்டும். மகளும் போட்டாள், கணவரும் போட்டார். இவள் பூட்டிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். கணவர் குளியலறையில் இருந்தார். துண்டைக் கட்டிக்கொண்டே ‘வந்துட்டே இருக்கேன்’ என்று போனில் சொல்கிற மனிதர் அவர்.

“எப்படியும் கெளம்பத்தானே போறேன்னு முன்னாடியே போட்டுட்டேன். எது முதல்ல நடந்தா என்ன?” என்றார் போனில்.

திட்ட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். நான்கு வருடத்துக்கு முன் வேகம் கூடட்டும் என்று, வரிசை மாறாமல் காக்கும் வரியை நீக்கியபோது அவளும் இதையேதான் சொன்னாள். பாராட்டும் வாங்கினாள். பழைய சிப், நிரலில் எழுதியிருந்த வரிசையிலேயே செய்தது. புதியது தன் வசதிக்கு மாற்றிக்கொண்டது. எண் முதலில் குறைந்துவிட, போகிறவர் கடைசியாக எழுதியது தாமதமாக வந்து, அதற்குள் கைமாறிய துண்டில் விழுந்தது.

பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்து கதவைத் திறந்துவிட்டாள். பிறகு அலுவலகம் போய் அந்த வரியைத் திரும்பச் சேர்த்தாள். வியாழக்கிழமை பத்தொன்பது கருவிகள் ஓடின. ஒன்று உறைந்தது. அந்த ஒன்று போதும், எல்லாவற்றையும் கெடுக்க. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டு மேஜையில் கணவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. “நான் முன்னாடியே போட்டது தப்புதான். பூட்டறதுக்கு முன்னாடி நீ ஒரு தடவ உள்ள எட்டிப் பாத்திருக்கலாம்ல?”

பாதிச் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். போகிறவர் பக்கம்தான் அவள் சரிசெய்திருந்தாள். பூட்டுகிற பக்கம்? அங்கே சிப், எண் பூஜ்யமாகும் முன்பே துண்டின் பழைய நிலையைப் படித்து வைத்துக்கொண்டு, அதை நம்பிக் காலி செய்தது. பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே பார்க்க வேண்டும் என்று அங்கேயும் ஒரு வரி வேண்டும்.

மறுநாள் முதல் வேலையாக அதைச் சேர்த்து, தவறு தன்னுடையது என்றும் குறிப்பில் எழுதினாள். எழுதிய பின் மனசு லேசானது. மாலைவரை இருபதும் ஓடியதால் மேலாளர் சனி, ஞாயிறையும் சோதனைக்குத் தந்தார். திங்கட்கிழமை காலை சோதனை அறையிலிருந்து செய்தி வந்தது: இருபதும் ஓடிக்கொண்டிருந்தன. முதல் பெட்டி அன்றே ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்.

அதை வழியனுப்ப அவசரமாக வீட்டிலிருந்து கிளம்பினாள். போனில் இரண்டு ‘கிளம்பியாச்சு’ இருந்தன. பூட்டைக் கையில் எடுத்தவள், நின்று உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“யாராவது இருக்கீங்களா?”

“கெளம்பிட்டேன்” என்று குளியலறையிலிருந்து பதில் வந்தது.